பழவேற்காட்டில் கண்டது கொசு உள்ளானா, அரிய விருந்தாளியா?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் பழவேற்காடு ஏரிச் சேற்றில் சின்ன உள்ளான் ஒன்றைப் படமெடுத்தேன். செயலி 'ரெட்-நெக்ட் ஸ்டின்ட்' என்கிறது. பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இபேர்ட் தளத்தில் போட்டால் 'அரிது, விவரம் தருக' என்று கேட்கிறது. எப்படி உறுதி செய்வது?

பதில்: முதலில் கொசு உள்ளான் (லிட்டில் ஸ்டின்ட்) என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரையில் கூட்டமாக வருவது அதுதான். அது இல்லை என்று காட்டும் அடையாளங்கள் கிடைத்தால் மட்டுமே அடுத்த பெயருக்குப் போகலாம்.

முதல் வேலை, வயதைக் கணிப்பது. பெரியவை ஆகஸ்டிலேயே தேய்ந்த இறகுகளுடன் வந்துவிடும். செப்டம்பரில் சாம்பல் நிறக் குளிர்கால உடைக்கு மாறத் தொடங்கும். முழுதும் மாறியவற்றைப் படத்தை வைத்துப் பிரிப்பது பெரும்பாலும் வீண் முயற்சி. அவற்றுக்குப் பின்னால் வரும் அந்த ஆண்டுக் குஞ்சுகள்தான் நமக்கு வாய்ப்பு: இறகு விளிம்பெல்லாம் கலையாமல் சீராக இருக்கும்.

அப்படிப்பட்ட இளம்பறவை என்றால் முதுகையும் சிறகையும் பாருங்கள். கொசு உள்ளானுக்கு முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள் 'வி' வடிவில் தெளிவாகத் தெரியும். மடித்த சிறகின் இறகுகள் நடுவில் கறுப்பாகவும் ஓரத்தில் செம்பழுப்பாகவும் இருக்கும். ரெட்-நெக்டில் முதுகின் மேல்பகுதி செம்பழுப்பாக இருந்தாலும் சிறகு வெளிறிய சாம்பலாகத் தெரியும். வெள்ளைக் கோடும் மங்கல். கால் சற்றே குட்டை, அலகு தடிப்பு, பின்பகுதி நீளம். இந்த உருவ வேறுபாட்டை ஒரே படத்தில் நம்ப வேண்டாம், பறவை நிற்கும் விதத்துக்கேற்ப மாறும்.

பலர் சறுக்குவது வெளிச்சத்தில். ஏரியின் பளபளப்பில் படம் வெளுத்தால் செம்பழுப்பு காணாமல் போய், கொசு உள்ளானும் சாம்பலாகிவிடும். வெயில் உங்கள் முதுகில் விழுமாறு நின்று, வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து எடுங்கள். பத்து மணிக்கு மேல் கானல் அலை விவரத்தைக் கலைத்துவிடும். சேறும் ஏமாற்றும். அலகு நுனியில் ஒட்டிய சேற்றுக் கட்டி மிக அரிய கரண்டிமூக்கு உள்ளானோ என்று நெஞ்சைப் படபடக்க வைக்கும். இன்னொரு சிறு உள்ளானான மஞ்சள் கால் டெம்மிங்க் ஸ்டின்ட்டும் சேறு பூசினால் கறுங்காலாகத் தெரியும்.

பக்கவாட்டு, முதுகு, பறக்கும் நிலை என மூன்று கோணமும், பக்கத்தில் வேறு உள்ளான் நிற்கும் படம் ஒன்றும் தேவை. பறக்கும்போது நொடியில் 1/1600 வேகமாவது வையுங்கள். மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்த்தினால் அதற்குமேல் நெருங்காதீர்கள். வலசையில் அதற்குக் கொழுப்பு சேர்ப்பதே முதல் வேலை.

இபேர்டின் கேள்வி உங்களைச் சந்தேகிப்பதல்ல. அப்பகுதிக்கு வழக்கமில்லாத பெயர்கள் எல்லாவற்றுக்கும் அது எழும். 'நன்றாகப் பார்த்தேன்' என்று எழுதினால் பயனில்லை. தூரம், வெளிச்சம், பார்த்த அடையாளங்கள், கொசு உள்ளானை ஏன் விலக்கினீர்கள் என்பதை எழுதி, வெட்டிய படத்துடன் வெட்டாததையும் சேருங்கள். முதுகும் சிறகும் தெளிவாக இல்லையென்றால், இனம் உறுதியாகாத சிறு உள்ளான் என்ற பொதுத் தெரிவில் பதியுங்கள். பிறகு நல்ல படம் சிக்கினால் மாற்றிக்கொள்ளலாம்.