எலுமிச்சைத் தொட்டியில் எறும்பு ஏறுதா? அங்கேதான் தொடங்கணும்

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் தொட்டியில் ஒட்டு எலுமிச்சை வைத்து மூன்று வருஷம் ஆகிறது. போன வருஷம் நன்றாகக் காய்த்தது. இப்போது இலைக்கு அடியிலும் கணுவிலும் பஞ்சு பஞ்சாக வெள்ளை. மேல் இலையெல்லாம் கரி பூசினது போல் கறுப்பு. கொழுந்து சுருண்டு, அதில் வெள்ளிக் கோடு. மருந்துக்கடையில் தந்ததை மூன்று தடவை அடித்தேன். குறைந்த மாதிரி இருந்து மறுபடி வருகிறது. வாரம் தவறாமல் கடலைப் பிண்ணாக்குத் தண்ணீரும் ஊற்றுகிறேன். தூக்கிப் போட்டுவிடவா? பக்கத்தில் கறிவேப்பிலைத் தொட்டியும் இருக்கிறது, அதற்கும் தொற்றுமோ?

பதில்: தூக்கிப் போட வேண்டாம், தங்கச்சி. நாளைக்குக் காலையில் காப்பித் தம்ளரோடு தொட்டி பக்கத்தில் குத்தவைத்து உட்காருங்கள். பூச்சியைத் தேடாதீர்கள், எறும்பைப் பாருங்கள். தண்டு வழியாகச் சாரை சாரையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அந்த வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை விடும். எறும்புக்கு அது பாயசம். அதற்காகவே மாவுப்பூச்சியைத் தின்ன வருகிற மற்ற பூச்சிகளை விரட்டும், குஞ்சுகளைப் புதுக் கொழுந்துக்குத் தூக்கிக்கொண்டும் போகும். இலை மேல் கறுப்பாக இருப்பது அந்த இனிப்பில் வளர்கிற பூசணம்தான், இலைக்குள் இறங்காது. நீங்கள் ஊற்றுகிற பிண்ணாக்குத் தண்ணீரும் எறும்பை அழைக்கிறது. போதாததற்குக் கொழுந்தைக் கொழகொழவென்று தள்ளிப் பூச்சிக்கு விருந்தும் வைக்கிறது. கோடை முடியும்வரை நிறுத்துங்கள். பிறகு மாதம் ஒருமுறை போதும்.

எறும்பை மறிப்பது சுலபம். தண்டில் நாலு விரல் அகலத்துக்குத் துணி சுற்றி, துணியின் மேல் கிரீஸ் தடவுங்கள். நேராகப் பட்டையில் தடவினால் தண்டு வெந்துபோகும். அதோடு கிளை எதையாவது தொடுகிறதா என்று பாருங்கள். என் வீட்டில் கிரீஸ் போட்டும் எறும்பு குறையவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, துணி காயப்போடுகிற கொடியில் நடந்து வந்து நுனிக்கிளையில் இறங்கியிருக்கிறது.

அடுத்தது தண்ணீர். ஓஸ் நுனியை விரலால் அமுக்கி, இலை அடியிலும் கணுவிலும் வேகமாகப் பீய்ச்சுங்கள். பாதிப் பூச்சி இதிலேயே உதிர்ந்துவிடும். விடியற்காலையில் செய்யுங்கள். சித்திரை வைகாசியில் நம்மூர் மாடி டாங்க் தண்ணீர் மத்தியானம் எப்படிச் சுடும் என்று உங்களுக்கே தெரியும். ரொம்ப அப்பிக்கிடக்கிற கிளையை வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். மிஞ்சினதை, பஞ்சுக் குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள்.

இதற்குப் பிறகுதான் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. எண்ணெயை முதலில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்கி, வெள்ளையாகப் பால் மாதிரி ஆனபின் மீதித் தண்ணீர் சேருங்கள். துணி துவைக்கிற பவுடர் கூடாது, இலை கருகும். இரண்டு இலையில் அடித்து ஒருநாள் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் முழு மரத்துக்கும் அடியுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. முட்டைகள் பஞ்சுக்குள் பத்திரமாகக் கிடப்பதால் ஒரே அடியில் தீராது. கடை மருந்து தோற்றதற்கும் இது ஒரு காரணம். இன்னொரு காரணம், நல்ல பூச்சியும் அதில் செத்திருக்கும். வீட்டுக்குப் பிழிகிற காய், பூவுக்குத் தேனீ வருகிற மரம்; அந்தப் புட்டியை இனித் திறக்க வேண்டாம்.

நல்ல பூச்சி என்றேனே, அதில் ஒன்றை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். மாவுப்பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், நகர்வதே தெரியாது. அதற்கு நடுவே மூன்று மடங்கு நீளத்தில், சடை சடையாக வெள்ளை நூல் தொங்க, ஓடியாடித் திரிகிற ஒன்று இருந்தால் கை வைக்காதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டின் புழு. திருடன் வீட்டுக்குள் திருடன் வேஷத்திலேயே புகுந்த போலீஸ். வளர்ந்தால் கறுத்த முதுகும் ஆரஞ்சுத் தலையுமாக இருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் காப்பிச் செடியில் சாறு உறிஞ்சுகிற செதில் பூச்சியை ஒழிக்க இந்தியாவுக்குக் கொண்டுவந்த இனம் இது. அதைக் கண்டால் வேப்பெண்ணெயையும் தள்ளிப்போடுங்கள்.

கரியைப் போக்க ஈரத்துணி போதும். இலை நிறைய இருந்தால் 50 கிராம் மைதாவை ஒரு லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறினதும் வடிகட்டி, வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்து பொருக்காக உதிரும்போது கரியும் சேர்ந்து வரும். எறும்பு அடங்கிய பிறகு மட்டும்.

வெள்ளிக் கோடு வேறு சங்கதி. இலைத்தோலுக்குள் சுரங்கம் போடுகிற சின்னப் புழு. உள்ளே போனபின் எந்தத் தெளிப்பும் எட்டாது. அந்த இலைகளைப் பறிக்காதீர்கள், பச்சை மிச்சமிருக்கிறவரை அவை மரத்துக்குச் சோறு போடும். ஐப்பசி மழைக்குப் புதுக்கொழுந்து நகத்தளவு வரும்போது அதே வேப்பெண்ணெயை அடித்தால் போதும்.

கறிவேப்பிலை எலுமிச்சைக்குச் சொந்தக்காரச் செடி, அதனால் அங்கேயும் கண் வையுங்கள். முக்கியமாக, காக்கை எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையாக இலையில் ஒட்டிக்கிடப்பதைக் குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னால் சிவப்பாகக் கொம்பு நீட்டி நாற்றம் விட்டால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. பெரிதானால் பச்சையாகிவிடும், இலைக்குள் கண்டுபிடிப்பது கஷ்டம். மருந்து எதுவும் வேண்டாம், கையால் எடுத்தாலே தீர்ந்தது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒன்றை மட்டும் கறிவேப்பிலைக் கொத்தோடு வலைமூடி போட்ட பாட்டிலில் விட்டு, தினம் புதுக்கொத்து மாற்றச் சொல்லுங்கள்.