ஈஸ்ட்ரோஜன் மாத்திரை: எடுக்கலாமா, யார் எடுக்கக் கூடாது?

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் மெனோபாஸுக்கு (மாதவிலக்கு அடியோடு நிற்கும் பருவம்) வாயால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைப் பற்றியவை. ஈஸ்ட்ரோஜன் என்பது சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

வயது 49. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. ராத்திரி திடீரென்று உடம்பெல்லாம் கொதித்து, நைட்டி நனைந்து எழுந்துகொள்கிறேன். ஈஸ்ட்ரோஜன் எழுதிக் கொடுத்தார்கள், ஆனால் கேன்சர் வரும் என்று வீட்டில் எல்லோரும் தடுக்கிறார்கள் மேடம்.

வீட்டில் சொல்வது காற்றில் வந்த பேச்சு இல்லை. 2002 ஜூலையில் அமெரிக்காவில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் வகை மருந்தும் (புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போல வேலை செய்வது) சேர்த்துச் சாப்பிட்டவர்களில், 10,000 பேருக்கு வருடத்தில் 8 பேர் என்ற கணக்கில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது, பக்கவாதமும் அதே அளவு. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதும், பலருக்கு மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பதும் அவ்வளவாகப் பரவவில்லை. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பகுதியில் மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை. பக்கவாதம் கொஞ்சம் கூடியது, அதனால் 2004-இல் அதையும் நிறுத்தினார்கள்.

இப்போது நாங்கள் பார்ப்பது இதைத்தான்: வயது 60-க்குள்ளா, மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள்ளா? நீங்கள் இரண்டிலும் உள்ளே இருக்கிறீர்கள், தூக்கமும் கெட்டுக் கிடக்கிறது. ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு, இவற்றில் ஒன்றும் இல்லை என்றால் தாராளமாக எடுக்கலாம். பிபி பார்த்துவிடுங்கள், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்து ரொம்ப நாள் ஆகியிருந்தால் அதையும். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மருந்தும் சேர்த்து வருடக்கணக்கில் போகப்போக மார்பகத்துக்கான ஆபத்து மெதுவாக ஏறும்.

அக்காவுக்கு நல்லா கேட்டது என்று அதே மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்துவிட்டார்கள், எனக்கு இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், நாளடைவில் அங்கே புற்றுநோயாக மாறலாம். இது 1975-லேயே தெரிந்துபோன விஷயம், இருந்தும் இன்னும் இப்படி மாத்திரை கைமாறிக்கொண்டிருக்கிறது. கர்ப்பப்பை இருப்பவர்களுக்குக் கூடவே புரோஜெஸ்டிரோன் வேண்டும்: வழக்கமாக தினமும் 100 மி.கி., அல்லது மாதத்தில் 12 முதல் 14 நாள் 200 மி.கி. படுக்கப்போகும்போது போட்டால் தூக்கமும் நன்றாக வரும் (பகலில் போட்டுவிட்டு ஸ்கூட்டர் ஓட்டவேண்டாம்). உங்களுக்கு இதுவரை துளி ரத்தப்போக்கு இருந்திருந்தாலும் சொல்லுங்கள், ஸ்கேன் தேவைப்படும்.

38 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். ஹார்மோன் வேண்டாம், இயற்கையாகவே சமாளி என்கிறார் மாமியார்.

38 வயதில் சினைப்பை இல்லாமல் போவதில் இயற்கை எங்கே இருக்கிறது? உங்களுக்கு எடுப்பதைவிட எடுக்காமல் விடுவதில்தான் ஆபத்து அதிகம், எலும்பு சீக்கிரம் தேயும், இதயநோயும் முன்னாடியே எட்டிப்பார்க்கும். எடுக்கக் கூடாத காரணம் ஏதும் இல்லையென்றால், சாதாரணமாக மாதவிலக்கு நிற்கும் வயது வரைக்குமாவது ஈஸ்ட்ரோஜன் எடுக்கவேண்டும். கர்ப்பப்பை இல்லாததால் பொதுவாக அது மட்டும் போதும். மேலே சொன்ன 63 வயதுக்காரர்களின் கணக்கை உங்கள்மேல் போடக் கூடாது. மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மாத்திரை நல்லதா, தோலில் தடவும் ஜெல் நல்லதா?

விழுங்கும் மாத்திரை குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கவைக்கிறது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் ஏற்றுகிறது. ஜெல்லோ, தோலில் ஒட்டும் பேட்ச்சோ கல்லீரலைச் சுற்றிக்கொண்டு தோல் வழியாக ரத்தத்தில் கலப்பதால் ரத்தக்கட்டு ஆபத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. எடை அதிகம், டிரைகிளிசரைடு அதிகம், கண்ணில் பூச்சி பறந்து வரும் ஒற்றைத் தலைவலி, இப்படி ஏதாவது இருந்தால் ஜெல் கேளுங்கள். மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் 50 வயதுக்காரருக்கு 1 மி.கி. எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) மாத்திரை சுலபம், தடவிவிட்டுக் காயக் காத்திருக்க வேண்டியதில்லை.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டும் சேருமா?

சேரும். ஆனால் வாயால் எடுக்கும் ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூட்டிவிடும், அதனால் பழைய டோஸ் பத்தாமல் போகலாம். ஆரம்பித்து 6 முதல் 12 வாரத்துக்குள் டி.எஸ்.ஹெச். (தைராய்டு டோஸ் போதுமா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். சும்மா சோர்வாக இருக்கிறது என்று ஈஸ்ட்ரோஜனைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

வயது 47, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறது. இந்த மாத்திரை எடுத்தால் கர்ப்பம் தங்காதுதானே?

தங்கலாம்! இது கருத்தடை மாத்திரை இல்லை, கருமுட்டை வெளிவருவதை இந்த டோஸ் தடுக்காது. கோயில் விசேஷத்துக்கு மாதவிலக்கைத் தள்ளிப்போடச் சாப்பிடுகிறோமே, அதுவும் வேறு மருந்து. 50-க்குமுன் நின்றால் கடைசி மாதவிலக்கிலிருந்து இரண்டு வருடம், 50-க்குப் பிறகு நின்றால் ஒரு வருடம் பாதுகாப்பு வேண்டும்.

அம்மாவுக்கு 67. முழங்கால் வலி. எலும்புக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுக்கலாமா?

வேண்டாம். இந்த வயதில் புதிதாகத் தொடங்கினால் பக்கவாதம், ரத்தக்கட்டுப் பக்கம் தட்டு சாயும், முழங்கால் தேய்மானத்துக்கு இது மருந்தும் இல்லை. எலும்பு பலவீனம் என்றால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்து அதற்கான மருந்து கொடுக்கலாம். சிறுநீர் போகும்போது எரிச்சல், பிறப்புறுப்பில் வறட்சி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், தானாகச் சொல்லமாட்டார்கள். அதற்கு அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் உண்டு, ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

எத்தனை நாளில் தெரியும்? எப்போது நிறுத்துவது?

இரண்டு மூன்று வாரத்தில் சூடு குறைய ஆரம்பிக்கும், மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். இத்தனை வருடம்தான் என்று கறாரான கெடு கிடையாது, வருடத்துக்கு ஒருமுறை டாக்டரோடு உட்கார்ந்து இன்னும் வேண்டுமா என்று பேசவேண்டும். நிறுத்தினால் சிலருக்குச் சூடு திரும்ப வரும். நடுவில் ஏதாவது பெரிய ஆபரேஷன் என்றால் மாத்திரை எடுப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.