'இனிச் செய்ய மாட்டார்' என்று டாக்டர் கடிதம் தர முடியுமா?

களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு தாய் கேட்கிறார்: அயல்வீட்டுப் பையனைத் துஷ்பிரயோகம் செய்த வழக்கில் உள்ளே போன அண்ணன், தண்டனை முடிந்து அடுத்த மாதம் வருகிறார். வயது 61. எங்கள் வளவிலேயே வைத்திருக்கச் சொல்கிறார் அம்மா. எனக்கு 9 வயதில் மகன். 'ஆபத்தில்லை' என்று டாக்டர் கடிதம் எடுத்துத் தர ஒருவர் காசு கேட்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டாம் தங்கச்சி, காசும் கொடுக்க வேண்டாம். அப்படியொரு கடிதத்தை என் மேசையிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். நாலு வரி, ஒரு சீல். எழுதியவர் வழக்குக் கோப்பைக் கண்ணாலும் கண்டதில்லை, ஆளோடு கால்மணி நேரம் பேசியதோடு சரி.

இப்படிப்பட்டவர்களின் ஆபத்தை மதிப்பிடும் நாங்கள் முதலில் பார்ப்பது ஆள் சொல்வதை அல்ல, பழைய பதிவுகளை. பாலியல் குற்றம் செய்த ஆண் மறுபடி செய்யும் வாய்ப்பைக் கணிக்க வெளிநாடுகளில் அதிகம் பயன்படும் ஸ்டாட்டிக்-99ஆர் என்ற அளவுகோலில் பத்தே விடயங்கள், புள்ளி கூடினால் ஆபத்தும் கூட. பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கு வெளியே உள்ளவரா, ஆணா என்பவை அதில் இரண்டு. உங்கள் அண்ணனுக்கு இரண்டிலும் புள்ளி ஏறும். அழுதார், கோயிலுக்கு நேர்ந்தார் என்பதற்கு அதில் புள்ளியே கிடையாது. அப்புறம் இன்றைய நிலை: குடி, கூட்டாளிகள், பிள்ளைகள் மேல் இன்னும் நாட்டம் இருக்கிறதா என்பது. இது மாறிக்கொண்டே இருக்கும், ஒருமுறை பார்த்துச் சீல் குத்துகிற காரியமில்லை.

வயது போய்விட்டதே என்பார் அம்மா. அது உண்மைதான், 60 தாண்டினால் அந்த அளவுகோலே மூன்று புள்ளி குறைக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு அவரைப் போன்ற பல பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. ஒரே வளவில், மத்தியானம் எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஒரு பையன் தனியே கையெட்டும் தூரத்தில் இருப்பது அந்தக் கணக்கில் வராது.

முறையாக மதிப்பிடக் கோப்பு வேண்டும். ஒரு கோப்புக்காக மாதக்கணக்கில் நாங்கள் கடிதம் எழுதுகிறோம், கடைசியில் அது இல்லாமலே அறிக்கை கேட்கிறார்கள். இந்த இழுபறியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணனுக்கு வேறிடத்தில் அறை பாருங்கள். அவர் வருமுன்பே பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லி வையுங்கள், அவசரமென்றால் சிறுவர் உதவி இலக்கம் 1929. பெரியவர்கள் கூட இருந்தாலொழிய மகனை அவரிடம் விடாதீர்கள், கடைக்கு அனுப்பும் ஐந்து நிமிடத்துக்குக்கூட.