வெள்ளிக்கிழமை மீட்டிங்கும் டீக்கடையும்

அண்ணாச்சி, வணக்கம். பணகுடி பக்கம் காத்தாலை சர்வீஸ்ல சூப்பர்வைசரா இருக்கேன். எங்க பயலுவ டீக்கடைல நின்னு பேசியே பாதி வேலையைக் கத்துக்கிடுதானுவ. இதைக் கேள்விப்பட்ட ஹெட் ஆபீஸ், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அதையே மீட்டிங்கா வைங்க, அட்டெண்டன்ஸ் எடுங்கன்னுட்டாங்க. இப்ப ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கான். என்ன செய்ய?

- ஒரு வாசகர்

தம்பி, எப்படித் தொறப்பான்? டீக்கடைல அவன் பேசுனது காலைல அவனப் பாடாப் படுத்துன மிஷினைப் பத்தி. கியர்பாக்ஸ் சூடுன்னு எரர் காட்டுச்சு, ஆயிலப் பாத்தேன், கூலரப் பாத்தேன், கடைசில சென்சார் ஒயரு லூஸுங்கான் ஒருத்தன், உடனே இன்னொருத்தன் எனக்கு மழை பேஞ்சா மட்டும் அப்படி வருதேங்கான், அங்கனயே ரெண்டு பேருக்கும் பாடம் நடந்துருது. அப்ரைசல் போடுற மனுசன் எதுக்க உக்காந்துக்கிட்டு இந்த வாரம் என்னல கத்துக்கிட்டன்னு கேட்டா, ரெண்டு மணி நேரம் தப்பான எடத்துல தேடுனேன்னு சொல்லுவானா? அந்த ரெண்டு மணி நேரத்துலதான சரக்கே இருக்கு.

1980கள்ல செராக்ஸ் கம்பெனில ஜூலியன் ஓர்னு ஒருத்தர், மானுடவியல் படிச்சவரு, காப்பியர் ரிப்பேர் பாக்குறவங்க கூடவே சுத்திப் பாத்தாரு. மேனுவலுக்குள்ள அடங்காத கோளாறு வந்தா அவங்க காபி குடிக்கிற எடத்துல, சாப்பிடுற எடத்துல கதை கதையாப் பேசித்தான் வழி கண்டுபிடிச்சிருக்காங்க. கம்பெனிக்காரன் வெட்டிப்பேச்சுன்னு வெரட்டாம அவங்களுக்குள்ள பேசிக்க ரேடியோ வாங்கிக் குடுத்தான் பாத்துக்கிடுங்க. 1990கள்ல அவங்க கண்டுபிடிச்சதை எழுதி வைக்க யுரேகான்னு ஒரு கம்ப்யூட்டர் தொகுப்பு வந்துச்சு, அதுலயும் சரியா தப்பான்னு பாத்தது சக டெக்னீசியனுவதான், எழுதுனவன் பேரும் கூடவே இருக்கும்.

நம்ம முக்கூடல் பக்கம் பீடி சுத்துற பொம்பளைங்களப் பாருங்க. மடில சுளவ வச்சிக்கிட்டு திண்ணைல வரிசையா இருப்பாங்க, வீட்டுக்கு வந்த புது மருமவ ஒரு பீடி சுத்தி முடிக்கதுக்குள்ள, ஏட்டி தூளு ஜாஸ்தி, இழுக்காதுன்னு பக்கத்துல இருந்து ஒரு சத்தம் வரும். யாரும் வகுப்பு எடுக்கல.

அதனால மீட்டிங்க மொதல்ல நிப்பாட்டச் சொல்லுங்க. புதுப் பயல பழைய ஆளு கூட ஒரே ஜீப்புல அனுப்புங்க, மாசத்துக்கு ஒருக்க ஜோடிய மாத்தாதீங்க. இதுக்குத் தோதான காலம் காத்து இல்லாத மாசம்தான், ஆடிக் காத்துல மிஷின் நின்னா கம்பெனிக்கு நட்டம், எவன் நின்னு சொல்லிக் குடுப்பான்.

டவர் ஏறுறது, பெல்ட் போடுறது, கரண்ட ஆஃப் பண்ணி பூட்டுறது, இதெல்லாம் மட்டும் டீக்கடைக்கு விட்றாதீங்க. அதுக்கு முறையா டிரெயினிங் வேணும், கையெழுத்தும் வேணும்.

வாட்ஸாப் குரூப் ஆரம்பிக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. ஹெட் ஆபீஸ் ஆளுவ இல்லாத குரூப் ஒண்ணு ஏற்கனவே ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், உங்களச் சேக்கலையேன்னு சடச்சிக்கிடாதீங்க.