வாசகர் கேள்வி – பதில்: மகனுக்கு வந்த பெயர் எனக்கும் பொருந்துமா?

கேள்வி: தொடக்கநிலை 4இல் பயிலும் என் மகனுக்கு, ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு இருப்பதாக மருத்துவர் இவ்வாண்டு உறுதிசெய்தார். அவர் கேட்டவற்றுக்கு மகனுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த நான், பாதியில் என் கதையையே சொல்லிக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். எனக்கு 41 வயது. சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். கப்பல் தாமதமாகி எல்லோரும் பதறும் நாளில் நிதானமாக நின்று வழி காண்பது நான்தான். ஆனால், சாதாரண நாளில் ஒரு மாதாந்தர அறிக்கையை முடிக்க மூன்று வாரம் ஆகிறது. வருமான வரிப் படிவத்தை ஆண்டுதோறும் கடைசி நாளான ஏப்ரல் 18ஆம் தேதி இரவில்தான் அனுப்புகிறேன். "தாயைப் போலப் பிள்ளை" என்கிறார் என் மாமியார். இக்குறைபாட்டைச் சிலர் வரம் என்கிறார்களே, அது உண்மையா? மேலாளரிடம் சொல்லலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் மாமியார் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லியிருந்தாலும், இவ்விஷயத்தில் அறிவியல் அவர் பக்கம்தான் நிற்கிறது. இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடத்தப்பட்ட ஆய்வுகளின்படி, இக்குறைபாட்டில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் 70 முதல் 80 விழுக்காடு மரபுவழி வருகிறது. பெண்களிடம் இது தாமதமாகத் தெரியவருவதற்கும் காரணம் உண்டு. மேசைமீது ஏறிக் குதிக்கும் பையன் ஆசிரியர் கண்ணில் உடனே படுவான். சன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்த சிறுமியை யாரும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றதில்லை.

எனினும், மகனோடு ஒப்பிட்டு நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா, வீடு, வேலையிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொல்லை தருகின்றனவா என்று மருத்துவர் பார்ப்பார். தூக்கக் குறைவும் மனப்பதற்றமும்கூட இதேபோலத் தோன்றக்கூடும். பழைய பள்ளி அறிக்கைப் புத்தகம் இருந்தால் தேடி எடுங்கள். (அதைத் தேடுவதே உங்களுக்கு ஒரு சோதனைதான், அறிவேன்.) பலதுறை மருந்தகத்தில் தொடங்கினால், அங்குள்ள மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்துடன் அரசாங்க மருத்துவமனையிலோ மனநலக் கழகத்திலோ மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கலாம்.

இனி, வரமா என்ற கேள்வி. எனக்கு அச்சொல் உவப்பானதன்று. பெயரில் 'கவனக்குறைவு' என்றிருந்தாலும், இவர்களிடம் கவனம் நிறையவே இருக்கிறது; அதை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்குத் திருப்புவதுதான் பெரும்பாடு. டோபமின், நோராட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களைக் கொண்டு செய்தி கடத்தும் மூளைப் பாதைகள் இவர்களிடம் சற்று வேறுவிதமாக இயங்குவதால், பலன் என்றோ வரப்போகும் வேலையில் மனம் நிற்பதில்லை. ஆனால் புதுமை, அவசரம், ஆர்வம் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்துவிட்டால் அதே மனம் உடும்பாகப் பிடித்துக்கொள்கிறது. கப்பல் தாமதமான நாளில் நீங்கள் காட்டும் நிதானமும், அறிக்கையோடு படும் அல்லலும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை என்றே கருதுகிறேன். முன்னதற்குப் பாராட்டு, பின்னதற்குச் 'சோம்பேறி' என்ற பட்டம் என்பது எவ்வகை நியாயம்?

இக்குறைபாட்டின் பலங்களைப் பேசுவோர் தவறாமல் மைக்கேல் ஃபெல்ப்ஸைக் கொண்டுவருவார்கள். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணி நீச்சலில் நம் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங்கிடம் தோற்ற அமெரிக்க வீரரைத்தான் சொல்கிறேன். ஒன்பது வயதில் இக்குறைபாடு கண்டறியப்பட்ட ஃபெல்ப்ஸ், ஒலிம்பிக்கில் 23 தங்கம் வென்றார். அவரை எடுத்துக்காட்டுவோர், அன்றாடம் அவரை நீச்சல் குளத்துக்கு வரவழைத்த பயிற்றுநரையும் மாறாத பயிற்சி நேரத்தையும் மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அத்தகைய ஒழுங்கை நீங்களும் வெளியிலிருந்து கடன் வாங்கலாம். மின்கட்டணம், நகர மன்றக் கட்டணம் போன்றவற்றை வங்கிக் கணக்கிலிருந்து தாமாகக் கழியும் ஜைரோ ஏற்பாட்டில் விட்டுவிடுங்கள். வரிப் படிவம் மார்ச் 1ஆம் தேதியே இணையத்தில் திறந்துவிடுகிறது. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை தோழி ஒருவரைத் தேநீருக்கு அழைத்து, அவர் பக்கத்தில் இருக்கும்போதே அனுப்பி முடியுங்கள். இன்னொருவர் உடனிருப்பது இவர்களில் பலருக்கு வியக்கத்தக்க அளவில் கைகொடுக்கிறது.

மேலாளரிடம் குறைபாட்டின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. "மாத இறுதியில் ஒரே அறிக்கையாகத் தருவதற்குப் பதிலாக, வெள்ளிதோறும் ஒரு பகுதியாகத் தருகிறேன், அவசர ஏற்றுமதிகளை என்னிடம் கூடுதலாக ஒப்படையுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பெயரைச் சொல்வதா என்பதைப் பரிசோதனை முடிந்த பிறகு, அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்து முடிவுசெய்யலாம். மகனுக்கு மட்டும் தள்ளிப்போட வேண்டாம்: தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகள் தேவையா என்பதை மருத்துவ அறிக்கையுடன் பள்ளியிடம் இப்போதே பேசுங்கள்.

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு பயில்கிறேன். ஏடிஎச்டிக்காக மெதில்ஃபெனிடேட் மாத்திரை தொடங்கியதிலிருந்து வேலைகள் முடிகின்றன. ஆனால் யோசனைகள் வற்றியதுபோல் இருக்கிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகர், பிடோக்

பதில்: நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். மனம் மந்தமாகத் தோன்றுவது பெரும்பாலும் மருந்தின் அளவு உங்களுக்குச் சற்று மிகுந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அதை மருத்துவரால் திருத்த முடியும். இம்மருந்தில் சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும் வகையும் 10 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் வகையும் உள்ளன. அட்டோமாக்ஸெடின் போல வேறு விதமாக இயங்கும் மருந்துகளும் உண்டு. எனவே, மாத்திரை சாப்பிட்ட நேரம், மந்தம் தொடங்கிய நேரம், அது விலகிய நேரம், அன்றைய பசி, தூக்கம் ஆகியவற்றை இரண்டு வாரம் உங்கள் வரைபட ஏட்டின் ஓரத்திலேயே குறித்து, அந்த ஏட்டை அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் காட்டுங்கள்.