படகை அடகு வைத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், அக்கா

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பையன் பிளஸ் டூ, அரசுப் பள்ளி. துபாயில் இருக்கும் மாமா, "சென்னையில மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துடுங்க, பாதிப் பணம் நான் தர்றேன்" என்கிறாராம். மீதிக்குப் படகும் நகையும். பையனோ வீட்டில் வோல்டேஜ் எப்போ எவ்வளவு இறங்குதுன்னு நோட்டில் எழுதிட்டு வர்றான். ஒரு பக்கத்தைப் படம் பிடிச்சு அனுப்பியிருந்தாங்க: சாயங்காலம் 7 மணி, 180 வோல்ட்.

அக்கா, எல்லாம் நல்லபடியா நடக்கும்னு சொல்லி முடிச்சுக்க எனக்கு மனசில்லை. அந்தக் கடனை வாங்காதீங்க. பையன் கை எதில் தானா போகுதுன்னு அந்த நோட்டே சொல்லுது. அவன் படிக்க வேண்டியது ஈ.ஈ.ஈ., அதாவது மின், மின்னணுப் பொறியியல்.

உங்க மாவட்டத்துக் கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தாச்சு. பேனல் போடுறது சுலபம். அந்த மின்சாரத்தை கிரிட்டில், அதாவது ஊரெல்லாம் மின்சாரம் கொண்டு போற கம்பி வலையில், சேர்க்கிறதுதான் பாடு. மேகம் கடந்தா சில நிமிஷத்தில் உற்பத்தி சரியும். ஊரே விளக்குப் போடும் நேரத்தில் வெயில் இருக்காது. காற்றாலை மே முதல் செப்டம்பர் வரை கொட்டிக் கொடுத்துட்டு அடங்கிடும். இத்தனைக்கும் நடுவில் கிரிட் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸை ஒட்டியே நிக்கணும்; உற்பத்தியும் செலவும் சமமா இருந்தாத்தான் அது நடக்கும். அதுக்காக ஒரு நாளை 15 நிமிஷம் வீதம் 96 துண்டாக்கி, ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு மின்சாரம் வரும்னு முன்கூட்டியே கணிக்கிறாங்க. பேட்டரியை எப்போ நிரப்பி எப்போ இறக்குறது, பேனலோட டிசி மின்சாரத்தை ஏசியா மாத்துற இன்வெர்ட்டரை வச்சே வோல்டேஜைத் தாங்குறது எப்படின்னு புதுசா யோசிக்க இன்னும் நிறைய இருக்கு. உங்க கரையில் இன்னொரு தொல்லையும் உண்டு: உப்புக் காத்து, கம்பியைத் தாங்கி மின்சாரம் கசியாமத் தடுக்குற இன்சுலேட்டரில் படியும், விடிகாலைப் பனியில் அது நனைஞ்சதும் மின்சாரம் மேலாகவே பாய்ஞ்சு லைன் டிரிப் ஆகும், அதாவது தானா துண்டிச்சுக்கும். இதையெல்லாம் கிட்ட இருந்து பார்த்து வளர்ற பையன்தான் அதுக்கு மாற்று கண்டுபிடிக்கணும்.

கோடிங் போயிடுமேன்னு மாமா கேப்பார். போகாது, அந்தக் கணிப்பு வேலைக்கே பைத்தான்ங்கிற கோடிங் மொழி வேணும். தொடக்கச் சம்பளம் பெரிய ஐ.டி. கம்பெனி அளவுக்கு இல்லாமப் போகலாம், அதையும் சொல்லிடுறேன். ஆனா கடன் இல்லாத பையன் நல்ல வேலைக்குக் காத்திருக்க முடியும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படிச்சிருந்தா பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கு. அதில் இடம் கிடைச்சா கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் அரசோடது. காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். கட்-ஆஃப் எட்டலைன்னா அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடிச்சிட்டு நேரடியா பி.இ. இரண்டாம் வருஷம் சேரலாம். சேர்ந்ததும் பவர் சிஸ்டம், புரொடெக்ஷன், பவர் எலக்ட்ரானிக்ஸ் மூணையும் விடாமப் பிடிக்கச் சொல்லுங்க.

மாமாகிட்ட பையனையே பேச விடுங்க. உதவணும்னு அவருக்கு உண்மையிலேயே ஆசைன்னா ஒரு லேப்டாப் வாங்கித் தரட்டும். கலந்தாய்வில் முதல் விருப்பமா காரைக்குடி ஈ.ஈ.ஈ. போடுங்க.