இறக்கை ஏறவில்லை, சர்வோ இறங்கவில்லை: மாதிரி கிளைடர் பூட்டுவோர் கேள்விகள்

இறக்கைகளை இணைக்கும் கார்பன் ஜாயினர் தண்டு இறக்கைக்குள் பாதிவரை போய்க் கவ்விக்கொள்கிறது. ஃப்ரீசரில் வைத்துச் செருகலாமா? (ஈசூன்)

வேண்டாம். 8 மி.மீ. அலுமினியத் தண்டை 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் அதன் விட்டம் 0.01 மி.மீ.கூடச் சுருங்காது. கார்பனிலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்காது. வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றில் தண்டு வியர்த்து, அந்த நீர் இறக்கைக் குழாய்க்குள் போவதுதான் மிச்சம்.

முதலில் தண்டைத் தள்ளிவிட்டுக் கையை எடுங்கள். தானாகக் கொஞ்சம் பின்னுக்கு வந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. இறக்கைக்குள் இருக்கும் குழாயின் மூடிய முனையருகே, அடிப்பக்கத்திலிருந்து 1 மி.மீ. துளை ஒன்று போட்டால் போதும். பலர் இது தெரியாமல் நல்ல தண்டைத் தேய்த்து மெலிய வைத்துவிடுகிறார்கள்.

பின்னுக்கு வரவில்லையா? தண்டு முழுவதும் மார்க்கர் மை பூசி, மெதுவாகச் செருகி உருவுங்கள். மை எங்கே உரிந்திருக்கிறதென்று பாருங்கள்.

நுழைத்ததுமே கவ்வி, தண்டின் முனையில் மட்டும் வளையமாக உரிந்திருந்தால் குழாய் வாயில் பிசிறோ கெட்டிப்பட்ட ரெசினோ இருக்கிறது. குச்சியில் சுற்றிய 400 எண் உப்புத்தாளால் வாயை மட்டும் சுத்தம் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் உரிந்திருந்தால் குழாய் கோணலாக ஒட்டப்பட்டிருக்கலாம், அல்லது தண்டு வளைந்திருக்கலாம். தண்டைக் கண்ணாடிமேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். கோணலைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது.

சுற்றிலும் நெடுக உரிந்திருந்தால் மட்டுமே தண்டு பருமன். டிஜிட்டல் வெர்னியரால் மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அளவெடுங்கள். 600 எண் நீர்த்தாளை நனைத்துத் தண்டைச் சுற்றிப் பிடித்து, முழு நீளத்துக்கும் சீராக இழுங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்து அளக்க வேண்டும். 0.05 மி.மீ. இடைவெளி கிடைத்ததும் 1000 எண் தாளால் முடித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில், அதுவும் நடுப்பகுதியில், அழுத்தித் தேய்க்கவே கூடாது: பறக்கையில் வளைவு விசை அதிகம் விழுவது அங்கேதான். கார்பன் தூளை உலரவிட்டுப் பறக்கவிடாதீர்கள். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

எண்ணெய் போடும் ஆசை வரும். மரத்தில் ஊறினால் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. மெழுகுவத்தியை லேசாகத் தடவித் துணியால் துடைத்துவிடுங்கள், போதும்.

பால்சா மரக் கிட்டில் ரிப்கள் (இறக்கையின் குறுக்கு விலாக்கள்) ஸ்பாரில் (இறக்கையின் நீளச் சட்டத்தில்) ஏற மறுக்கின்றன. ஈரக்காற்றில் மரம் உப்பிவிட்டதா? (தெம்பனிஸ்)

பாதி உண்மை. சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், பிற்பகலில் 60க்குப் பக்கம் இறங்கும். மரம் இழைக்குக் குறுக்கேதான் விரியும், நீளவாக்கில் ஏறக்குறைய விரியாது. மரத்தின் ஈரம் 6 சதவீதப் புள்ளி கூடினால் 75 மி.மீ. அகலப் பால்சாப் பலகை ஒரு மில்லிமீட்டர்வரை அகலலாம். ஆனால் 3 மி.மீ. தடிமனில் அந்த மாற்றம் 0.05 மி.மீ.கூட இல்லை. ஆகவே பலகையை விளிம்போடு விளிம்பு பொருத்தும்போது ஈரத்தைச் சந்தேகியுங்கள். ரிப் வெட்டு இறுக்கமானால் பெரும்பாலும் பழி பிளைவுட் ஸ்பாரின்மேல்தான்: 3 மி.மீ. என்று விற்பது 3.2 ஆக இருப்பது சகஜம்.

வெட்டை அரத்தால் அகலப்படுத்தாதீர்கள். இருபது ரிப்பும் இருபது விதமாகப் போய்விடும். ஸ்பாரின் பக்கத்தை 240 எண் தாள் ஒட்டிய சட்டத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, ஒரு ரிப்பை மாட்டிப் பாருங்கள். விரலால் தள்ளினால் ஏற வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. அதுதான் அளவு.

பசை இல்லாமல் எல்லா ரிப்பையும் மாட்டி, ஸ்பார் நேராக இருக்கிறதா என்று கண்ணை வைத்துப் பாருங்கள். வெட்டுகள் ஸ்பாரிலும் இருந்தால் ஒவ்வொரு ரிப்பும் அதைக் கொஞ்சம் விரிக்கும். அது சேர்ந்து ஸ்பாரே வளைந்துவிடும். இறுக்கமான இணைப்பில் நீர் கலந்த மரப்பசை வேண்டாம். மரம் உப்பிப் பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். ரிப்பை இடத்தில் நிறுத்திவிட்டு மெல்லிய சயனோ பசை (சூப்பர் குளூ) ஒரு சொட்டு விடுங்கள், அது தானே உள்ளே ஊறிப் போகும். கெட்டிச் சயனோவுக்கு இங்கே இடமில்லை.

சர்வோ (துடுப்பை அசைக்கும் சிறு மோட்டார்) குழிக்குள் போகவில்லை. அழுத்தினால் போய்விடும் போல. (பொங்கோல்)

போகும், பிறகு முனகும். உறை நசுங்கிப் பல்சக்கரம் சிக்கி, சும்மா இருக்கும்போதே மின்சாரம் இழுக்கும். குழியைத்தான் செதுக்க வேண்டும். அதற்கு முன், கம்பி வெளிவரும் மூலையைப் பாருங்கள். பெரும்பாலும் இடிப்பது அதுதான்: 3 மி.மீ. பள்ளம் வெட்டினால் சர்வோ தானாக இறங்கும்.

மரத்தில் எம்5 (5 மி.மீ. போல்ட்டுக்கான) மரை எடுத்து, வலுவுக்குச் சயனோ விட்டேன். இப்போது நைலான் போல்ட் ஏறவில்லை. (ஜூரோங் வெஸ்ட்)

செய்தது சரி, ஒரு படி பாக்கி. கெட்டியான பசை மரைப் பள்ளத்தை நிரப்பியிருக்கிறது. ஓர் இரவு காயவிட்டு, மரை வெட்டிய அதே எம்5 டேப்பை மறுபடி இறக்குங்கள்: அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. புதிதாகப் போடுவோர் கவனிக்க: எம்5 மரைக்குத் துளை 4.2 மி.மீ., எம்6க்கு 5 மி.மீ.

போல்ட் கோணலாக நுழைந்தால் மரை வெட்டும் டேப்பை எடுக்காதீர்கள். இறக்கை, உடலில் அதற்கான மேடையில் முழுமையாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட விமானத்தைச் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிந்து ஒட்டும் அடையாளச் சீட்டை, சிலர் மறைவாக இருக்கட்டும் என்று அந்த மேடையிலேயே ஒட்டுகிறார்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொள்ள அதுவே போதும்.

நுரைக் கிளைடரின் வால் துடுப்பு அதன் பள்ளத்துக்குள் முழுதாக இறங்கவில்லை. (செங்காங்)

வார்ப்பு அச்சில் வந்த நுரைப் பிசிறுதான் காரணம். புதிய பிளேடால் சீவுங்கள். உப்புத்தாள் போட்டால் நுரை மணிமணியாகப் பிய்ந்துவரும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் கிளைடர் இருந்ததென்றால், நுரையே வீங்கியிருக்கலாம். அது பழைய அளவுக்குத் திரும்பாது.

இறுக்கமாக இருப்பது நல்லதுதானே? வானத்தில் இறக்கை கழலாதே. (பிடோக்)

உராய்வை நம்பி இறக்கையை விடக்கூடாது. கழலாமல் பிடிப்பது இணைப்பைச் சுற்றி ஒட்டும் டேப்போ, போல்ட்டோ, உள்ளே இழுத்துக் கட்டும் ரப்பரோதான். திடலில் இரண்டு பேர் இழுத்துக் கழற்ற வேண்டிய இறக்கையில் விரல் அழுந்தி மேல்தோல் பள்ளமாகும். நீங்கள் அதிகம் தேய்த்துத் தளர்த்தியும்விட்டால் கவலை வேண்டாம்: தண்டின்மேல் மெல்லிய ஒளிபுகும் டேப்பை, விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒரு சுற்றுச் சுற்றினால் விட்டத்தில் 0.1 மி.மீ. திரும்பக் கிடைக்கும்.